வெளிப்பூச்சுக்கு மட்டும்

தொடை இரண்டும் உலக்கையால் குத்தியது போல் வலித்தன. பாயிலிருந்து எழுந்திருக்கக் கோதண்டராமன் மூன்று தடவை முயன்றார். மூன்றாம் தடவை சுவரைப் பிடித்துப் பாதி எழுந்தவர் அப்படியே சறுக்கி உட்கார்ந்தார். முப்பது வருஷம் கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டை தூக்கிய உடம்பு. எண்பது கிலோவை முதுகில் வாங்கிப் பலகை மேல் ஏறி லாரியில் அடுக்கிய கால்கள். இப்போது அவரைத் தூக்கவே அவற்றுக்குத் தெம்பு இல்லை.

"இன்னா, புள்ளத்தாச்சி மாதிரி செவுத்தைப் புடிச்சிக்கினு?" என்றாள் ரேணுகாம்பாள். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

"பத்தாம் மாசம்டி. வந்து புடி."

அவள் சிரித்துக்கொண்டே வந்து அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கினாள். எப்போதும் தானாக எழுகிற ஆள், இன்று முழுப் பாரத்தையும் அவள் மேல் போட்டார். அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

"பதினாலு கிலோமீட்டரு வெறுங்காலோட நடந்தா வலிக்காதா? முந்தாநாள்தானே மலையைச் சுத்துனீங்க."

"மின்னெல்லாம் ரெண்டு நாள்ல போயிடும். இது எறங்காம தொடையிலயே குந்திக்கினு கீது."

"வயசாவுது இல்ல?"

"உனக்கு ஆவலையா?"

"எனக்கு உங்க அளவுக்குக் கொழுப்பு இல்ல."

அந்த வீட்டில் ஒன்பது மாதமாக ஓடுகிற கேலி அது. ஒன்பது மாதத்துக்கு முன் மண்டியில் லாரிக்குப் பின்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் விழுந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரையும், ரத்தத்தில் கொழுப்பு ஜாஸ்தி என்று சொல்லி ராத்திரிக்கு ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். மண்டி ஆட்களுக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை கிடைக்கவில்லை. விலா எலும்பை எண்ணிவிடலாம், இந்த உடம்பில் கொழுப்பா? "அண்ணனுக்குக் கொழுப்பு உள்ளயே தங்கிடுச்சு, வெளிய தெரியாது" என்பான் கூட வேலை செய்யும் வல்லரசு. மூட்டை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், அதே மண்டியில் சாக்கு வாயைத் தைக்கும் வேலை கொடுத்தார்கள். கூலி பாதி. கோணி ஊசியோடு கீழே உட்கார்ந்து, மற்றவர்கள் மூட்டை தூக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வராந்தாவில் நின்று ரேணுகாம்பாள் வேண்டிக்கொண்டாள். இவர் பிழைத்தால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றி வருவார் என்று. வேண்டியது அவள், நடந்தது அவர். வீடு இருக்கும் அடி அண்ணாமலை கிரிவலப் பாதையிலேயே இருப்பதால் வாசலில் புறப்பட்டு வாசலுக்கே வந்து சேர்வார். டாக்டரும் நடப்பது நல்லது என்றுதான் சொல்லியிருந்தார். அதனால் கால் வலி என்று ஒன்று வந்தபோது, அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. மலையைச் சுற்றினால் வலிக்கும். இந்த ஊரில் அது பிள்ளைகளுக்கும் தெரியும்.

அவரை மறுபடி படுக்க வைத்து, கைலியை மேலே சுருட்டிவிட்டு, கால்வலி எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றினாள். விண்டர்கிரீன் என்று பெயர். வீடு முழுக்க ஆஸ்பத்திரி மாதிரியும் மிட்டாய் மாதிரியும் ஒரு வாசம் எழுந்தது. முட்டிக்கு மேலிருந்து இடுப்பு வரை கட்டைவிரலால் அழுத்தி இழுத்தாள். அவள் கைக்கு ஊரில் பெயர் உண்டு. பிடிப்பு, சுளுக்கு எல்லாவற்றுக்கும் அவளிடம்தான் வருவார்கள்.

"அப்பாடி" என்றார் அவர். "உன் கை பட்டா வலி பயந்து ஓடுது ரேணு."

அரை மணி நேரத்தில் எழுந்து நின்றார். கஞ்சி குடித்தார். பஸ் பிடித்து மண்டிக்குப் போனார். ஒன்றரை மாதமாக இப்படித்தான் போய்க்கொண்டிருந்தார்.

ரேணுகாம்பாளுக்கு வேலை விமல்ராஜின் எண்ணெய்க் கொட்டகையில். அதே ஊர்ப் பையன், பெங்களூரில் எதையோ படித்துவிட்டு வந்து, கேன்களில் எண்ணெய் வாங்கிச் சின்னச் சின்ன பாட்டிலில் அடைத்து விற்றான். லெமன்கிராஸ், யூகலிப்டஸ், லாவெண்டர் என்று பதினெட்டு வகை. ஆசிரமத் தெருக் கடைகளுக்குப் போகும், வெளிநாட்டுக்காரர்கள் வாங்குவார்கள். பௌர்ணமியன்று பாதையோரம் மேசை போட்டு, நடந்து களைத்தவர்களின் காலில் ரேணுகாம்பாள் கொஞ்சம் தேய்த்துக் காட்டினால் அந்தக் கால்வலி எண்ணெய் கூடை கூடையாகப் போகும்.

மற்ற நாட்களில் லேபிள் ஒட்டுவாள். ஒரு நாளைக்கு எண்ணூறு பாட்டில். சுருளிலிருந்து உரித்து, பழமோ இலையோ படம் முன்னால் வருகிற மாதிரி வைத்து, கட்டைவிரலால் ஒரே தேய். பின்பக்கம் சுற்றி வரும் பகுதியில் எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஷ் எழுத்து. அது கோணாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள். அஞ்சாவது வரை படித்தவள், தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பாள். லேபிளில் தமிழ் ஒரு சொல்கூட இல்லை. "தமிழ்ல போட்டா வெள்ளைக்காரன் வாங்க மாட்டான்க்கா, உள்ளூர்ச் சரக்குன்னு நெனைச்சுக்குவான்" என்பான் விமல்ராஜ்.

மூன்று மாதத்துக்கு முன் புதிதாக ஒரு கேன் வந்தது. பம்பளிமாஸுக்குத் தங்கச்சி மாதிரி ஒரு வெளிநாட்டுப் பழத்தின் தோலிலிருந்து எடுத்தது. கிரேப்ஃப்ரூட் என்றார்கள். வாசம் மூக்கைத் திறந்துவிட்டது. விமல்ராஜ் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். "வெளிநாட்டுல காலைல வெந்நீர்ல ரெண்டு சொட்டு விட்டுக் குடிக்கறாங்கண்ணே. கொழுப்பெல்லாம் கரைஞ்சுடும். இயற்கை, சைடு எஃபெக்டே கெடையாது."

லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

அந்த வாரம்தான் கோதண்டராமனின் ரத்தத்தைச் சோதித்து, கொழுப்பு இன்னும் இறங்கவில்லை என்று ராத்திரி மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தார்கள். அவள் பயந்து போயிருந்தாள். கேனின் அடியிலும் புனலிலும் தங்கும் எண்ணெயை வேலை செய்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்பது கொட்டகை வழக்கம். அதைச் சொட்டுச் சொட்டாக ஒரு பாட்டிலில் சேர்த்தாள். மற்ற பாட்டில்களைப் போலவே அதற்கும் படம் முன்னால் வர ஒரு லேபிளை ஒட்டினாள். வெறும் பாட்டிலாகக் கொடுக்க மனசு வரவில்லை.

"இன்னாடி இது, பினாயில் மாதிரி எரியுது?" என்றார் முதல் நாள்.

"கொழுப்பு கரைக்கறதுன்னா சும்மாவா? மூக்கைப் புடிச்சிக்கினு குடிங்க."

"வெள்ளைக்காரன் குடிக்கறானா இதை?"

"தெனம் குடிக்கறானாம்."

"அதான் வெளுத்துப் போயிட்டான்."

ஆனாலும் குடித்தார். அவள் கொடுத்தால் எதையும் குடிப்பார். இரண்டு சொட்டு, ஒரு வாரம் கழித்து நாலு, பிறகு எட்டு. கொழுப்பு ஜாஸ்தி என்றால் எண்ணெயும் ஜாஸ்தி வேண்டும் என்பது அவள் கணக்கு. காலையில் எண்ணெய், ராத்திரி மாத்திரை. ஒன்றைக்கூடத் தவற விட்டதில்லை.

வலி தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஆனால் அதற்குப் பிறகுதான் ஒரு பௌர்ணமியும் வந்து போனது.

மாசாமாசம் ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்குவதும் அவள்தான். அவர் போனால் ஒரு நாள் கூலி போகும். கவுன்ட்டரில் இருந்த பெண் நோட்டில் முத்திரை குத்திக்கொண்டே கேட்டாள்: "உடம்பு வலி, அசதி ஏதாவது இருக்குதாம்மா?"

"நல்லா இருக்காருங்க."

"ஆளை ஒருவாட்டி கூட்டியாங்க. வேற மருந்து ஏதாவது குடுத்தா கேக்காம குடுக்காதீங்க."

"சரிங்க" என்றாள். மருந்து என்றால் லேகியம், கஷாயம், சித்த வைத்தியர் கொடுக்கும் பொட்டலம். எண்ணெய் அவளுக்கு மருந்தாகத் தோன்றவில்லை. அது அவள் வேலை செய்கிற இடத்துச் சரக்கு.

அந்தக் கடைசிப் பௌர்ணமியன்று சாயங்காலம் மேசையருகே ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நாற்பது வயதிருக்கும். சிவப்புக் கல் மூக்குத்தி. இடது குதிகால் வெடித்திருந்தது. ரேணுகாம்பாள் அவள் காலை மடியில் எடுத்து வைத்துத் தேய்த்துவிட்டாள்.

"கை வச்சவொடனே கேக்குதே! எங்கூட்டுக்காரரையும் கூட்டியாந்திருக்கலாம். அவருக்கு நெஞ்சு ஆபரேசன். நடக்க வுட மாட்டேன்றாங்க, மாசாமாசம் நான் மட்டும் வரேன்."

"எங்கூட்டுக்காரருக்கும் நெஞ்சுதான். கொழுப்பு மாத்திரை போடறாரா?"

"அதேதான். ராத்திரியில."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறு யாரிடமும் சொல்ல முடியாத பயத்தை இருவரும் ஒரே இடத்தில் வைத்திருந்தார்கள். ரேணுகாம்பாள் மேசைக்கடியில் இருந்த தன் பையைத் திறந்து, அடுத்த மாதத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த பாட்டிலை எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.

"காலைல வெந்நீர்ல நாலு சொட்டு. வாசம் தூக்கும், வுடாதீங்க. கொழுப்பு கரைஞ்சுடும்."

"எவ்ளோ தரணும்?"

"காசு வேணாம். நம்ம ரெண்டு பேரும் ஒரே கேசு."

அந்தப் பெண் பாட்டிலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முந்தானையில் முடிந்தாள். மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கூட்டத்தில் போய்விட்டாள். ரேணுகாம்பாளுக்கு அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது.

பாயிலிருந்து எழ முடியாமல் போன அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கோதண்டராமன் மண்டியிலிருந்து திரும்பியதும் ஒரு விஷயம் சொன்னார். "ரேணு, ஒண்ணுக்கு டீத்தண்ணி கலர்ல போவுது."

"சூடு. சித்திரை வெயில்ல தகரக் கொட்டாய்க்கடியில குந்தினு இருந்தா வேற எப்படிப் போவும்?"

வெந்தயம் ஊற வைத்தாள். தலையில் விளக்கெண்ணெய் வைத்துத் தேய்த்தாள். அவர் சட்டையைக் கழற்றக் கையைத் தூக்கினார், தோளுக்கு மேல் போகவில்லை. கை மலையைச் சுற்றவில்லையே என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. சாக்குத் தைக்கிற கை, வலிக்கத்தான் வலிக்கும் என்று அடுத்த கணமே பதிலும் கிடைத்தது. தோளுக்கும் எண்ணெய் போட்டாள். தேய்த்த இடமெல்லாம் கன்றிப்போய் நீலம் பாய்ந்திருந்தது. அழுத்தித் தேய்த்துவிட்டோம் என்று நினைத்தாள்.

புதன்கிழமை காலையிலும் எட்டுச் சொட்டுக் கொடுத்தாள்.

பதினொரு மணிக்கு வல்லரசு போன் செய்தான். "அண்ணி, அண்ணன் குந்தின எடத்துல இருந்து எழ முடியலை. ஊசிகூடப் புடிக்க வரலை. ஆட்டோவுல ஏத்தியாச்சு, ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

டாக்டர் வித்யாலக்ஷ்மிக்கு முப்பது வயது இருக்கலாம். தூங்காத கண். கோதண்டராமனின் தொடையை அழுத்திப் பார்த்தார், மூத்திரத்தின் நிறத்தைப் பார்த்தார், ரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வந்ததும் ரேணுகாம்பாளைத் தனியே கூப்பிட்டார்.

"சதை கரையுதும்மா. கரைஞ்சு ரத்தத்துல கலந்து கிட்னியை அடைக்குது. அந்தக் கொழுப்பு மாத்திரை சில பேருக்கு இப்படிப் பண்ணும், ரொம்ப அபூர்வம். மாத்திரையை நிறுத்திட்டோம். வலி எத்தனை நாளா?"

"ஒன்றரை மாசங்க."

"ஒன்றரை மாசமா? ஏன் வரலை?"

"நடந்த வலின்னு நெனைச்சோம். தேய்ச்சா போயிடும்."

டாக்டர் கட்டிலருகே வந்து அவரிடமே கேட்டார். "ஐயா, மாத்திரையைத் தவிர வேற ஏதாவது சாப்பிட்டீங்களா? நாட்டு மருந்து, பவுடரு, எண்ணெய், எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

எண்ணெய் என்ற சொல் விழுந்ததும் ரேணுகாம்பாள் நிமிர்ந்தாள். கோதண்டராமன் டாக்டரைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஒண்ணும் இல்லீங்க. கஞ்சி, சோறு. அவ்ளோதான்."

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா?"

"கால்ல தேய்ச்சதுதாங்க" என்றாள். உள்ளே போனதை வாய் சொல்லவில்லை.

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் அவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். பிடியில் பலமே இல்லை.

"சொல்லாத."

"சொன்னா நல்லதுங்க. எதுக்கும் சொல்லிடறேன்."

"அவங்களுக்கு எழுதி வைக்கணும். யாரு குடுத்தான்னு கேப்பாங்க. உம் பேரு வரும். விமலு வேலையை வுட்டு நிறுத்திடுவான். எனக்கும் கூலி இல்ல. இன்னா பண்ணுவ?"

"எனக்கு வேலையா பெருசு?"

"நீ எனக்கு நல்லதுக்குத்தானே குடுத்த. அதைப் போயி கேசு மாதிரி எழுதுவாங்களா? வுடு. ரெண்டு பாட்டில் சலைன் ஏத்துனா எழுந்துடுவேன். காலைப் புடி, வலிக்குது."

காலைப் பிடிக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அவள் தொடையின் மேல் உள்ளங்கையை வைத்தாள், அழுத்தவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் கை பட்டும் வலி போகவில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "போயிடுச்சு" என்றார்.

வியாழக்கிழமை மிஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். வெள்ளிக்கிழமையும் செய்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் கொஞ்சம் தெளிந்து, "வல்லரசு ஒழுங்கா தைக்கறானா, வாயைப் பிளந்துக்கினு மூட்டை போவுதா?" என்று கேட்டார். சாயங்காலம் மூச்சு வாங்கியது. ஏற்கனவே அடிபட்ட இதயம். சனிக்கிழமை விடியும்போது செத்துப்போனார்.

மகள் தமிழ்செல்வி செய்யாறிலிருந்து வந்து சேர்வதற்குள் உடம்பைக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் குளிப்பாட்டும்போது தொடையைத் தொட்ட பெண்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். கல் மாதிரி வீங்கியிருந்தது. மண்டி ஆட்கள் எட்டுப் பேர் வந்து தூக்கினார்கள். "அண்ணன் கனமே இல்லடா" என்று வல்லரசு வாய்விட்டு அழுதான்.

காரியம் முடிந்த மறுநாள், ஆஸ்பத்திரியில் ஒரு காகிதம் வாங்க வேண்டியிருந்தது. ரேணுகாம்பாள் போகும்போது அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போனாள். பாதி இருந்தது. டாக்டர் வித்யாலக்ஷ்மியின் மேசை மேல் வைத்தாள்.

"இதைத்தாங்க குடுத்தேன். ரெண்டு மாசத்துக்கு மேல. தெனம் காலைல. அன்னிக்குக் கேட்டீங்க, நான் சொல்லலை."

டாக்டர் பாட்டிலை எடுத்தார். படத்தைப் பார்த்தார். பின்பக்கம் திருப்பி, கண்ணருகே வைத்து வாசித்தார். முகம் மாறியது.

"இதுல எழுதியிருக்குதேம்மா."

"இன்னா எழுதியிருக்குதுங்க?"

"வெளிப்பூச்சுக்கு மட்டும். உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது. வேற மருந்து எடுத்துக்கிட்டிருந்தா டாக்டரைக் கேக்காம பயன்படுத்தாதீங்க." ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். "இவ்ளோ தெளிவாப் போட்டிருக்கான். யாரு குடுத்தது இதை?"

"யாரும் குடுக்கலைங்க. அதை ஒட்டுனது நான்தான்."

டாக்டருக்குப் புரியவில்லை. ரேணுகாம்பாள் கட்டைவிரலைக் காட்டினாள். பசை ஏறி ஏறிக் காய்த்துப்போன விரல். "தெனம் எண்ணூறு ஒட்டறேன். கோணாம ஒட்டுவேன்."

டாக்டர் நாற்காலியை இழுத்து அவளை உட்கார வைத்தார். மெதுவாகப் பேசினார். அந்தப் பழத்தில் இருக்கும் ஏதோ ஒன்று அந்த வகை மாத்திரையை உடம்பிலிருந்து சீக்கிரம் கழிய விடாது, மாத்திரை தங்கித் தங்கி ரத்தத்தில் ஜாஸ்தியாகிவிடும் என்றார். இந்த எண்ணெயில் அது எவ்வளவு இருந்தது, இதுதான் காரணமா என்று தன்னால் சத்தியம் செய்து சொல்ல முடியாது, மாத்திரை தனியாகவே சிலருக்கு இதைச் செய்துவிடும் என்றார். காலில் தேய்த்த எண்ணெயும் அப்படியே, இவரைப் போல ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர்களுக்கு அதை அதிகம் தேய்த்தால் ஆகாது என்றார்.

"ஒரு விஷயம் மட்டும் நிச்சயம்மா. வலி ஆரம்பிச்ச அன்னிக்கே வந்திருந்தா மாத்திரையை நிறுத்தியிருப்போம்."

"வலி அப்படியே இருந்திருந்தா வந்திருப்பாருங்க. நான்தான் தேய்ச்சுத் தேய்ச்சு வேலைக்கு அனுப்புனேன்."

டாக்டர் பாட்டிலைத் தன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"இங்க படுத்திருந்தாரே, அப்போ நான் சொல்லியிருந்தா?"

"வைத்தியம் இதேதாம்மா. வேற ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டோம்."

அது உண்மையா, தன்னை வீட்டுக்கு அனுப்புவதற்காகச் சொன்னதா என்று ரேணுகாம்பாளால் கண்டுபிடிக்க முடியவில்லை. பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்தாள். பாதி வழியில் வேறொன்று நினைவுக்கு வந்தது. அந்த எண்ணெயை மூன்று பேருக்குக் கொடுத்திருந்தாள்.

முதலாவது பக்கத்து வீட்டு வள்ளி. அவள் வாசத்துக்காகத் துணிப்பெட்டியில் வைத்திருந்தாள். இரண்டாவது வல்லரசின் மாமனார். அவர் ஒரு நாள் குடித்துவிட்டு எரிகிறது என்று தூர வைத்துவிட்டார். இரண்டு பாட்டிலையும் வாங்கி அன்றைக்கே மண்ணில் ஊற்றினாள். பாதி நாள் அந்த இடம் பழ வாசம் வீசியது.

மூன்றாவது, சிவப்புக் கல் மூக்குத்தி.

விமல்ராஜ் துக்கம் விசாரிக்க வந்தபோது அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முகம் வெளுத்தது.

"நான் குடிக்கச் சொல்லி விக்கலையேக்கா. லேபிள்ல போட்டிருக்கேனே."

"போன்ல சொன்னியே தம்பி."

"அது... எல்லாரும் சொல்றதுதானே." தலையைக் குனிந்துகொண்டான். "தமிழ்லயும் போட்டுடறேன்க்கா. அடுத்த சுருள்ல."

அடுத்த சுருள் வந்தது. பழத்தின் படம் பெரிதாகியிருந்தது. எழுத்து அதே எறும்பு, அதே இங்கிலீஷ். பின்பக்கத்துக்கு மட்டும் பழைய அச்சையே போட்டுவிட்டார்கள், இதற்கு அடுத்த தடவை நிச்சயம் என்றான். அவள் கொட்டகைக்குத் திரும்பியிருந்தாள், வேறு வழியில்லை. ஒட்டும்போது இப்போது படத்தைப் பார்ப்பதில்லை, பின்பக்கத்தைப் பார்க்கிறாள். எந்த வரி எது என்று தெரியாது. மூன்று வரியையும் பார்க்கிறாள்.

அடுத்த பௌர்ணமிக்கு மேசைக்கு வர வேண்டாம் என்றான் விமல்ராஜ். புருஷன் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, சாமி சுற்ற வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். அவள் மேசையில் உட்காரவில்லை. எதிரே மின்கம்பத்தடியில் ஒரு கல்லில் மத்தியானமே வந்து உட்கார்ந்தாள். போகிறவர்களின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக்கல், தங்கப் பொட்டு, வெறும் ஓட்டை. சிவப்புக் கல் தெரிந்தால் எழுந்து ஓடினாள். ஒருத்தி பயந்துபோய்க் கைப்பையை இறுக்கிக்கொண்டாள். ஒருத்தி, "பைத்தியமா நீ?" என்றாள். கால் வெடித்த பெண்கள் ஆயிரம் பேர் போனார்கள். இருட்டி வெகு நேரம் ஆனதும் வல்லரசு வந்து கூப்பிட்டான்.

"வாங்க அண்ணி. இத்தினி லட்சம் பேர்ல எங்கப் போயி தேடுவீங்க?"

"அந்தப் பொம்பளை ஒவ்வொரு பௌர்ணமியும் வரும்டா. பேச்சுல தெரிஞ்சுது."

"அந்த ஆளுக்கு ஒண்ணும் ஆயிருக்காது."

"ஆவலைன்னா அது வரணும் இல்ல?"

வல்லரசு அந்தக் கல்லோரமே உட்கார்ந்தான்.

அதற்கு அடுத்த பௌர்ணமியும் போனது. கல்லில் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. எண்ணெய் எதையும் போடவில்லை. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். தேய்த்துவிடச் சொல்லி யாராவது வந்தால் இப்போது முதலில் கேட்கிறாள்: என்ன மாத்திரை சாப்பிடறீங்க, எத்தினி நாளா வலி, டாக்டருக்குத் தெரியுமா? பாதிப் பேர் சலித்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஊரைக் கேட்டுக்கொள்ளவில்லை. காசு வாங்கியிருந்தால் விமல்ராஜின் போனிலாவது ஒரு நம்பர் விழுந்திருக்கும். சும்மா கொடுத்தாள். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: எண்ணெயை நிறுத்துங்க, மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, உடம்பு வலிச்சா அன்னிக்கே டாக்டர்கிட்டப் போங்க, எண்ணெய் குடிச்சதை மறைக்காதீங்க. சிவப்புக் கல் மூக்குத்திக்காரிக்கு ரேணுகாம்பாள் இதைச் சொல்லக் கடன்பட்டிருக்கிறாள். இன்னும் சொல்லவில்லை.